மணலுக்கடியில் டிக்கின்சோனியா: மூன்று தட்டுகளில் செய்து பார்த்தது

தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியாகரா குன்றுகளில் புவியியலாளர் ரெக் ஸ்ப்ரிக் 1946இல் கண்ட புதைபடிவப் பதிவுகளில் எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்தைய கொழகொழ உடம்புகள். சேறு என்றால் நம்பலாம். அவற்றில் ஒன்று டிக்கின்சோனியா, உடம்பெல்லாம் வரிவரியான தட்டை உயிர். மணற்கல்லில் அதன் ஒவ்வொரு வரியும் எப்படி நின்றது? 1999இல் தொல்லுயிரியலாளர் ஜேம்ஸ் கெலிங் தந்த விளக்கத்துக்குச் ‘சாவு முகமூடி’ என்று பெயர். கடலடியில் நுண்ணுயிர்ப் பாய் படர்ந்திருக்க, புயல் மணல் வந்து மூடுகிறது. அழுகலில் பிறக்கும் சல்பைடு இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகி, மேல்மணலின் அடிப்பக்கத்தை மெல்லிய ஓடாக இறுக்கிவிடுகிறது. உடம்பு கரைந்த பிறகும் அந்த ஓடு நிற்கும். இதைத்தான் தட்டில் செய்து பார்த்தோம். பைரைட்டின் வேலையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் செய்தது.

உடம்பின் அளவு 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன். மாடலிங் களிமண்ணில் வரிகளைக் கீறும்போது இடதும் வலதும் நேருக்கு நேர் வரக்கூடாது, அரை வரி தள்ளி நிற்க வேண்டும். பல மாதிரிகளில் அப்படித்தான் தெரிகிறது. களிமண்ணிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக்கொள்ளவும். காய்ந்த அச்சில் ஊற்றினால் அது ஈரத்தை உறிஞ்சி, வரிகள் ஒட்டிக்கொண்டு கிழியும். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் கடல்பாசித் தூளை (அகர்) கொதிக்கவிட்டு, நுரை அடங்கியபின் ஊற்றினால் நாலைந்து உடம்பு வரும்.

30×20 செ.மீ. தட்டில் மாவுச் சல்லடையில் சலித்த ஆற்று மணல் 2 கிலோவை ஈரப்படுத்திப் பரப்பினால் 2 செ.மீ. படுகை கிடைக்கும். அதன்மேல் நனைத்த மல்மல் துணி ஒரு மடிப்பு. இதுதான் பாய். உடம்பை அதில் பாதித் தடிமன் புதையும்படி அழுத்தவும்.

முதல் தட்டில் பிளாஸ்டர் இல்லை, மேலே வெறும் மணல்தான். நாலு நாளில் கடல்பாசி சுருங்கியது, மணல் உள்ளே சரிந்தது, திருப்பியதும் எல்லாம் உதிர்ந்தது. எதிர்பார்த்ததுதான்.

இரண்டாம் தட்டில் 120 கிராம் பிளாஸ்டர் தூளைச் சல்லடை வழியே சுமார் 2 மி.மீ. தூவி, 70 மில்லி தண்ணீரைப் பனிபோலத் தெளித்தோம். தெளிப்பானை 40 செ.மீ. உயரத்திலாவது பிடிக்க வேண்டும். கிட்டப் பிடித்தால் தூளில் குழி விழும், அந்தக் குழிகள் அப்படியே பதிவாகிவிடும். 45 நிமிடம் இறுகவிட்டு, 3 கிலோ மணலும் 750 கிராம் பிளாஸ்டரும் ஈரமாகக் கலந்து மேலே போட்டோம். மறுநாள் பலகை வைத்துக் கவிழ்த்து, தளர்மணலைத் தட்டிவிட்டு, துணியை ஒரு மூலையிலிருந்து உரிக்க வேண்டும். லேசான ஈரம் இருக்கும்போதே உரிக்கவும், காய்ந்துவிட்டால் துணி பிளாஸ்டரோடு பிடித்துக்கொள்ளும்.

கிடைத்தது ஒரு பள்ளம், உள்ளே வரிகள் தெளிவாக. டிக்கின்சோனியாவும் கல்லின் அடிப்பக்கத்தில் பள்ளமாகத்தான் கிடைக்கிறது. எடியாகரா பதிவுகள் கிடைக்கும் நில்பெனாவில் பாளங்களைப் பெயர்த்துக் கவிழ்த்துப் பார்ப்பது அதனால்தான். இதைவிட மகிழ்ச்சி தந்தது பள்ளத்தைச் சுற்றியிருந்த பரப்பு. துணி சுருங்கிய இடமெல்லாம் நுணுக்கமான மடிப்புகளாகப் பதிந்திருந்தது. எடியாகரா கற்களில் ‘யானைத் தோல்’ என்று சொல்லும் பாயின் தடத்துக்கு அது அவ்வளவு கிட்ட வந்தது.

மூன்றாம் தட்டில் கடல்பாசிக்குப் பதில் ஜெலட்டின், 100 மில்லிக்கு 8 கிராம். ஜெலட்டின் 35 டிகிரி வாக்கில் உருகும், கடல்பாசிக்கு 85 டிகிரி வேண்டும். தூளைத் தெளித்து நனைத்ததும், இறுகக் காத்திராமல் மேல்மணலையும் போட்டுத் தட்டை உச்சிவெயிலில் வைத்தோம். ஓடு இறுகுமுன் உடம்பு நீராகித் துணி வழியே இறங்கியது, மேல்மணல் அந்தக் குழிக்குள் அமர்ந்தது. கவிழ்த்தபோது பள்ளம் இல்லை, வரி ஒன்றுகூட இல்லாத தாழ்ந்த மேடு. அதே காலத்து அஸ்பிடெல்லா போன்ற வட்டத்தட்டுப் பதிவுகள் கல்லின் அடியில் மேடாகத் தெரிவதற்கும் இதே காரணம் சொல்லப்படுகிறது. ஓடு இறுகுவது முந்தினால் பள்ளம், உடம்பு குலைவது முந்தினால் மேடு. அப்படிப் பார்த்தால் டிக்கின்சோனியா ஜெல்லிமீன் போலக் குழைந்த உடம்பாக இருந்திருக்க முடியாது.

படம் எடுக்க இருட்டறையில் டார்ச்சைப் பரப்புக்கு 10 முதல் 15 டிகிரி சாய்வில், இடது மேல்மூலையிலிருந்து அடிக்கவும். கீழிருந்து அடித்தால் பள்ளம் மேடாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். ஒளியை நம்பி மட்டும் முடிவு கட்டவும் கூடாது. பீம்பேட்கா குகைக் கூரையில் டிக்கின்சோனியா இருப்பதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. அது சிதைந்த தேனடை என்று 2023இல் தெரிந்தது. அது பாறைமேல் ஒட்டியிருந்தது, விளிம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. உண்மையான பதிவில் பள்ளமும் மேடும் கல்லின் பரப்பிலேயே இருக்கும், உரிந்துவர ஒன்றுமில்லை.

இரண்டாம் தட்டின் பள்ளத்தில் திரவ லேடெக்ஸ் (ரப்பர் பால்) பூசி நேர்ப்பிரதி எடுக்கிறோம். முதல் பூச்சு மெல்லியதாக, குமிழி இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே ஒரு அடுக்குக் காஸ் துணி. இதுவரை நாலு பூச்சு ஆகியிருக்கிறது, இன்னும் இரண்டு பாக்கி.