தொண்டையில் இரைந்த வண்டு

பத்துக்கு ஆறு. எட்டாம் வகுப்பு ஆங்கிலச் சொல்வதெழுதல் கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போட்ட நாலு பிழைகளில் இரண்டு ஒரே சொல்: பிராக்டிஸ். ஒரு வசனத்தில் அதன் கடைசிக்கு முதல் எழுத்து ‘சீ’ வரவேணும், மற்றதில் ‘எஸ்’. நான் மாற்றிப் போட்டிருந்தேன். வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான்.

பெயர்ச்சொல்லுக்குச் சீ, வினைச்சொல்லுக்கு எஸ் என்று சொல்லிவிட்டு சேர் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. ‘அட்வைஸ்’ என்ற சொல்லைச் சீயோடு ஒருக்கால், எஸ்ஸோடு ஒருக்கால் கரும்பலகையில் எழுதி வாசித்தார். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அந்த இரையும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை, காதும் பழகவில்லை.

“தொண்டையில விரல வையுங்கோ பிள்ளையள்.”

புத்திமதி என்ற பெயர்ச்சொல்லைச் சொன்னபோது பல்லிடுக்கால் காற்று மட்டும் போனது. புத்தி சொல்லுதல் என்ற வினையைச் சொன்னபோது விரல் நுனியில் வண்டு இரைந்தது. எல்லாரும் தொண்டையைப் பிடித்தபடி இரைய, பக்கத்து வகுப்பு ரீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். “வண்டு இரைஞ்சா வினை. வினையெண்டா எஸ். பிராக்டிஸிலயும் லைசென்ஸிலயும் வண்டு இரையாது; ஆனா சட்டம் இதுதான்” என்றார் சேர். காதால் பிரிக்கமுடியாத சோடிக்குக் காதால் பிரியும் சோடியைத் துணைக்கு வைத்தார். இதைவிட நல்ல பாடம் நான் பிறகு எங்கேயும் படிக்கவில்லை.

ஸ்டேஷனரி என்ற சொல்லின் சோடியும் அவர் தந்ததுதான். காகிதாதிகள் என்றால் ‘ஈ’, அசையாமல் நிற்பதென்றால் ‘ஏ’. இரண்டும் ஒரு வேரில் வந்தவை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஊர் ஊராய்த் திரியாமல், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நிலையாகக் கடை வைத்திருந்த புத்தக வியாபாரிக்குத்தான் ‘ஸ்டேஷனர்’ என்று பெயர்.

ரொறன்ரோவுக்கு வந்து முதல் வேலையில், அமெரிக்க வாடிக்கையாளருக்கு நான் தட்டெழுதிய கடிதத்தில் பிராக்டிஸ் என்ற வினையின் எஸ்ஸை மேலாளர் வெட்டிச் சீ போட்டார். சேர் பிழையாகச் சொல்லித்தந்தாரோ என்று அன்று இரவு நித்திரை வரவில்லை. சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் அகராதிகளைப் புரட்டினேன். அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியில், பெயருக்கும் வினைக்கும் ஒரே எழுத்துத்தான் இருக்கவேணும் என்று வாதிட்டிருக்கிறார். அதனால் அமெரிக்கர்களுக்குப் பிராக்டிஸ் எப்போதும் சீ, லைசென்ஸ் எப்போதும் எஸ். ‘கலர்’ என்ற சொல்லை ‘யூ’ இல்லாமல் எழுதும் வழக்கை அங்கே பரப்பியவரும் அவரேதான். சேர் சொன்னது இங்கிலாந்து வழக்கு. பிழை இருவரிலும் இல்லை.

கனடா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கலரில் யூ இருக்கும். ஆனால் ஊரில் சைக்கிள் கடைப் பலகையில் ‘வை’ போட்டுப் பார்த்த ரயர், இங்கே கனேடியன் ரயர் கடை வாசலில் ‘ஐ’ போட்டு நிற்கும்.

போன மாதம் மகளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் தபாலில் வந்தது. இணையத்தில் அமெரிக்க எழுத்தையே பார்த்து வளர்ந்தவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, லைசென்ஸ் எண்டதைப் பிழையா அடிச்சிருக்கினம். எஸ் எல்லோ வரவேணும்?”

அட்டையை வாங்கிப் பார்த்தேன். சீதான். அவளைப் பக்கத்தில் இருத்தி, தொண்டையில் விரலை வைக்கச் சொன்னேன்.