வாடகைக்கு ஆளு தேடுறதுக்கு முன்னால, ஆளு தேடுற ஆளைத் தேடணும்

நாகர்கோவில்ல ஆசாரிப்பள்ளம் ரோட்டுப் பக்கம் நாங்க கட்டுன வீடு. கீழ ரெண்டு பெட்ரூம், மாடில ஒரு ரூம், முன்னால கிணறு, பின்னால ரெண்டு தென்னை, ஒரு சக்க (பலா) மரம். கட்டி முடிச்ச கையோட நான் மஸ்கட்டுக்கு வந்தாச்சு, அம்மா தக்கலைல அக்கா வீட்டுக்குப் போயிட்டாவ, வீடு பூட்டிக் கெடந்துது. பூட்டிப் போட்ட வீடு நம்ம ஊர்ல என்னாகும்னு தெரியும்லா, எடவப்பாதி மழை ஒருக்கா, ஐப்பசி மழை ஒருக்கா, ரெண்டுலயும் நனைஞ்சு சுவரெல்லாம் பச்சை புடிச்சிரும். சரி வாடகைக்கு விடுவோம்னு நெனச்சேன், அதுல இருந்து தொடங்குனதாக்கும் இந்த வெப்ராளம்.

மொதல்ல வந்தது சொந்தத்துல ஒருத்தர் சொல்லி விட்ட குடும்பம். எழுத்தும் இல்ல ஒண்ணும் இல்ல, "நம்ம ஆளுதான்"ங்கற ஒரே சொல்லு. நாலு மாசம் பணம் ஒழுங்கா வந்துது, அப்புறம் அடுத்த வாரம் தாறேன், சம்பளம் வரல, கோயில் கொடை செலவுன்னு ஒவ்வொண்ணா. எனக்கு சந்தேகம் வந்தது கரண்ட் பில்லுல. இணைப்பு என் பேர்லங்கறதால மஸ்கட்ல இருந்தே பாக்கலாம், ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட் ஓடிட்டு இருந்தது திடீர்னு 640. நாலு பேரு குடும்பம் அவ்வளவு கரண்டை என்ன பண்ணும்? அக்காவை அனுப்பிப் பாத்தா மாடி ரூம்ல ஏழு பையனுவ, அவனுவ கிட்ட இவரு தனியா வாடகை வாங்கிட்டு இருக்காரு! காலி பண்ணச் சொன்னா சொன்ன சொந்தக்காரர் மொகம் கோணுது. ஆளைக் கெளப்ப ஒன்றரை வருசம் ஆச்சு.

அடுத்து ஒரு வீட்டு புரோக்கர். நம்மகிட்ட ஒரு மாச வாடகை, வாறவங்ககிட்ட ஒரு மாச வாடகை, சாவியைக் கொடுத்ததும் அவரு போன் எடுக்க மாட்டாரு. பதினோரு மாச அக்ரிமெண்ட் முடியுமுன்ன தன்னால போன் வரும், "வேற நல்ல பார்ட்டி இருக்கு, இவங்களை மாத்திருவமா?" ரெண்டு வருசத்துல மூணு குடும்பம். எனக்கு ரொம்ப லேட்டாத்தான் வெளங்குச்சு, ஆளு மாறினாத்தான் அவருக்குக் காசு. அவரு மோசமான ஆளுன்னு கூட சொல்ல மாட்டேன், அவரு சம்பாத்தியம் அப்படி அமைஞ்சிருக்கு.

இப்ப பாத்துக்கிடுற அண்ணாச்சி கவர்மெண்டு வேலைல இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்களை மாதிரி கல்ஃப்லயும் பெங்களூர்லயும் இருக்கவங்க வீடா 14 வீடு பாக்குகாரு. ஆபீஸ், போர்டு ஒண்ணும் கிடையாது, ஒரு நீள நோட்டும் ஒரு ஸ்கூட்டரும் தான். பழக்கதோசத்துல நான் ஒரு மாச வாடகை தாறேன்னு சொன்னேன். "அது வேண்டாம் தம்பி, மாசாமாசம் வாடகை வந்தா நூத்துக்கு ஏழு தா, வீடு காலியாக் கெடந்தா எனக்கும் ஒண்ணும் வேண்டாம்"னாரு. அன்னைக்கே அவரு கைல வீட்டைக் கொடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அவரு ஆளைப் பாக்குற விதம் ஒரு தினுசு. ஆதார் நகல், சம்பளச் சீட்டு எல்லாம் வாங்குவாரு, ஆனா அதைப் பெருசா நம்ப மாட்டாரு. வாறவங்க இப்ப இருக்க வீட்டுக்கே போயிருவாரு. அந்த ஓனர்கிட்ட கேக்கமாட்டாரு, "கழிச்சு விடணும்னா அவன் தங்கமான ஆளுன்னு தான சொல்லுவான்", பக்கத்து மளிகைக்கடைல ஒரு சாயா குடிச்சிட்டு அங்க கடன் பத்து வச்சா ஒழுங்கா அடைக்கிறாங்களான்னு கேப்பாரு. அம்மா மட்டும் "என்ன ஆளுவ?"ன்னு கேட்டாவ. "அக்கா, ஆளு பாத்தா வாடகை வருது?"ன்னாரு, அம்மா அதுக்கப்புறம் கேக்கல.

எழுத்து வேலையும் அவருதான் சொல்லிக் கொடுத்தாரு. 2019 பிப்ரவரி 22ல இருந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் நடப்புல இருக்கு, ஒப்பந்தம் எழுதி ஆன்லைன்ல பதிஞ்சு நம்பர் வாங்கணும். அட்வான்ஸ், ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா ஒழிய, மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ப்ராபர்ட்டி மேனேஜர்னு ஒருத்தரை ஓனர் வைக்கலாம்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. வீட்டுக்குள்ள போய்ப் பாக்கணும்னா 24 மணி நேரம் முன்ன எழுதித் தெரியப்படுத்தணும், இதைக் கேட்டு அதிர்ச்சியானது அம்மாதான், ஏன்னா தேங்கா பாக்கணும்னு நெனச்ச நேரம் கேட்டைத் தொறந்து உள்ள போறது அவுங்க வழக்கம்.

தேங்காதான் பெரிய பிரச்னை. சிரிக்காதீங்க, முந்தின மூணு குடும்பத்துல ரெண்டு பேரு கூட சண்டை வந்ததே மரத்துலதான். அண்ணாச்சி ஒப்பந்தத்துலயே எழுதிட்டாரு, வெட்டுக்கூலி எங்க செலவு, காய் ஆளுக்குப் பாதி, சக்க முழுக்க குடியிருக்கவங்களுக்கு. மே மாசக் கடைசில மொட்டைமாடில தண்ணி போற ஓட்டையெல்லாம் சருகு அள்ளி போட்டோ அனுப்புவாரு. ஒழுகுற வீட்ல நல்ல ஆளு நிக்க மாட்டான், ஒழுகினாலும் பரவால்லன்னு இருக்கவன் வாடகை தரமாட்டான், இது அவரு கணக்கு.

வரி விசயம் ஒண்ணு. இப்ப குடியிருக்கவரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவரு, அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும், ஓனர் வெளிநாட்டு வாசியா இருந்தா குடியிருக்கவங்க வாடகைல 30 சதவீதத்துக்கு மேல டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்னாலயே பிடிச்சுக் கவர்மெண்டுக்குக் கட்டணும், சின்ன வாடகைன்னு விலக்கு கெடையாது. மொதல்ல வயிறு எரிஞ்சுது. அப்புறம் ரிட்டர்ன் போட்டு கூடுதலாப் போனதைத் திரும்ப வாங்கிட்டேன். இதுக்கு முன்ன ஒருத்தரும் பிடிக்கவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல.

அந்தக் குடும்பம் வந்து இது மூணாவது வருசம். கரண்ட் பில்லை இன்னமும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிடுவேன், பழக்கம் விடல, 200ஐச் சுத்தித்தான் நிக்கிது.

இதைப் படிச்சிட்டு அண்ணாச்சி நம்பர் கேட்டு மெசேஜ் போடாதீங்க. என் மச்சான் வீட்டுக்கே கேட்டுப் பாத்தேன். "14க்கு மேல எடுத்தா எந்த வீட்லயும் சருகு அள்ள முடியாது தம்பி"ன்னு சொல்லிட்டாரு.