மூத்த மகனைக் கடலுக்கு அனுப்ப நான் பட்ட பாடு

பாம்பன், தனுஷ்கோடி பக்கம் சீரியல் படப்பிடிப்பு வந்தால் படகு பேசுவது, அனுமதி வாங்குவது, சாப்பாட்டுக்கு ஆள் பிடிப்பது எல்லாம் என் தலையில்தான் விழும். பழகின வேலைதான். ஆனால் இந்தத் தடவை என்னை அலையவிட்டது கடலோ காற்றோ இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வாராவாரம் மாற்றிய கதை.

முதலில் கேட்டது ஒரு கல்யாணம். கூட்டுக் குடும்பத்தின் இளைய மகனுக்குக் கடற்கரையில் தாலி கட்டு. படப்பிடிப்பு அனுமதிக்கு மனு எழுதிய தயாரிப்பு மேனேஜர், யார் யாருக்கு என்ன உறவு என்பது வரை முழுக் கதையையும் அதில் எழுதித் தொலைத்திருந்தார். கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் வியாழக்கிழமை வந்தது. சீரியல்காரர்களுக்கு அது ரிசல்ட் நாள். எந்தத் தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் பார்க் (BARC) ரேட்டிங் அன்றைக்குத்தான் கைக்கு வரும். எண் இறங்கியிருந்தது. அதே வாரம் மூத்த மகனாக நடித்தவர் சம்பளப் பேச்சு ஒத்துவராமல் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். ராத்திரியே போன்: கல்யாணம் கேன்சல், மூத்த மகன் கடலுக்குப் போய்க் காணாமல் போகிறார், படகு ஏற்பாடு பண்ணுங்கள்.

“எதுக்கு இழுக்கிறீங்க, செத்துட்டார்னே வச்சிரலாமே” என்றேன். “செத்தா முடிஞ்சு போச்சுண்ணே. காணாமப் போனா, அவரு சமாதானமாகி வந்தா கரையேத்திக்கலாம். வரலைன்னா ‘இவருக்குப் பதில் இவர்’னு போட்டுக்கலாம்” என்றார் உதவி இயக்குநர்.

பதில் ஆள் போடுவது புதிதில்லை. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பில் இறந்துபோக, அந்த வேடத்துக்கு வந்தவர் நம்ம பெருநாழிக்காரர் வேல ராமமூர்த்தி. அது சாவு கொண்டுவந்த மாற்றம், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. இங்கே கதையே வேறு. நடிகர் ஒருவர் கிளம்பியதற்குக் குடும்பமே உருமாறியது. அதுவரை மாமியாருக்குப் பாலில் மாத்திரை கலந்துகொண்டிருந்த மூத்த மருமகள், புருஷனைக் காணோம் என்றதும் ஒரே வாரத்தில் உத்தமி. விளையாட்டுப் பிள்ளையாகத் திரிந்த இளையவன் கையில் பெட்டிச் சாவி. கல்யாணப் பெண்ணை என்ன செய்தார்கள் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் டிவியில் எளிது. அனுமதி கொடுக்கிற அலுவலக மேஜைக்கு வந்தால் தெரியும். “மனுவுல கல்யாணம்னு இருக்கு. நீங்க காணாமப் போறார்ங்கிறீங்க. யாரு காணாமப் போறது? ஸ்டேஷன்ல சொல்லியாச்சா?” என்றார் அங்கிருந்தவர். சார், அது கதை சார் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் சாப்பிடப் போய்விட்டார். புது மனு வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் வந்த நகலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசல் கூரியரில் வந்தது, கையெழுத்து இருந்தது, கம்பெனி முத்திரை இல்லை. மறுபடி கூரியர். அதில் புதிதாக ட்ரோன் என்று ஒரு வரி! உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது என்று இவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? அந்த வரியை எடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

அதற்குள் ஏப்ரல் 15 தாண்டிவிட்டது. ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைதான். ஆனால் நடிகரையும் கேமராவையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போக அது சுற்றுலாப் படகா?

படகுக்காரர் அண்ணனுக்கு வேறு கவலை. “நம்ம படகு முழுகுற மாதிரி எடுக்காதீங்கப்பா, வீட்டுல ஏத்துக்க மாட்டாங்க” என்றார். நியாயம். இதற்கு நடுவே சென்னையிலிருந்து இன்னொரு யோசனை: மூத்த மகனை இலங்கைக் கடற்படை பிடித்துப் போவதாக வைத்தால் என்ன? நான் கோபத்தில் கத்திவிட்டேன். புருஷனும் பிள்ளையும் யாழ்ப்பாணம் சிறையில் கிடக்கிறார்கள் என்று தங்கச்சிமடத்தில் ரோட்டில் உட்கார்ந்த பெண்களைப் பார்த்தவன் நான். அவர்கள் கண்ணெதிரே ஒரு நடிகையைக் கிளிசரின் போட்டு அழவைப்பதா? சேனலும் வம்பு வேண்டாம் என்றதால் புயலாக மாற்றினார்கள்.

கடைசியில் படகைக் கடலுக்கே கொண்டுபோகவில்லை. முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, முன்பக்கம் கயிறு கட்டி இரண்டு பேர் இழுக்க, மூத்த மகனின் சட்டையைப் போட்ட உள்ளூர்த் தம்பி ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கியதும் நடுக்கடல் மாதிரியே இருந்தது. படகின் பதிவு எண்ணைச் சாக்குத் துணி போட்டு மறைத்தது என் யோசனை. இல்லாவிட்டால் ஒளிபரப்பான மறுநாளே சொந்தக்காரர்கள் போன் பண்ணித் துக்கம் விசாரித்திருப்பார்கள்.

இந்தப் பக்கம் படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களுக்கு: மனுவில் ‘குடும்பத் தொடர், கடற்கரைக் காட்சிகள்’ என்பதோடு நிறுத்துங்கள். கல்யாணம், கருமாதி எதுவும் எழுத வேண்டாம், அது மாறியே தீரும். நடிகர் பெயரும் வேண்டாம். ஒரே தேதி கேட்காமல் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை என்று கேளுங்கள். கதையை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நம்பாதீர்கள்.

போன வாரம் மறுபடி போன். அந்த நடிகர் சமாதானமாகிவிட்டாராம், மூத்த மகன் உயிரோடு கரையேறுகிறாராம், அதே படகு வேண்டுமாம். அண்ணனுக்குத் தர வேண்டிய மீதி வாடகையே இன்னும் வந்து சேரவில்லை. அது வருகிற வரைக்கும் மூத்தவர் கடலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.