ஏழாம் பக்கத்து வரி

"சார், இதுல என் சிம்மைப் போட்டுப் பாக்கலாமா?"

கேட்டவர் எங்கள் லேப் அசிஸ்டென்ட் அக்கா. அவர் கையில் இருந்தது ஜியோ சிம். மேஜையில் கிடந்தது எங்கள் கல்லூரி மாணவர்கள் கையால் செய்த போன். அதில் இருந்த சிம்800 மாட்யூல், 2ஜி நெட்வொர்க்கில் மட்டுமே பேசும் ஒரு சின்னப் பாகம். ஜியோவில் 2ஜியே கிடையாது, 2016-இல் தொடங்கியதே 4ஜியில்தான். "இது பசங்க படிக்கிறதுக்குப் பண்ணதுக்கா" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

இதே விஷயம் ஒரு வாரம் முன்பு வேறு மாதிரி வந்திருந்தது. எங்களோடு சேர்ந்து அந்தப் போனின் சர்க்யூட் போர்டை வரைந்த கட்டற்ற வன்பொருள் (வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைக்கும் கருவிகள்) குழு நண்பர் செய்முறைக் கையேட்டைப் படித்துவிட்டு, "ஜியோ சிம் இதுல எடுக்காதுங்கிறதை முதல் வரில போட்டுடுங்க சார்" என்றார். அது ஏழாம் பக்கத்தில், 'வரம்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே மூன்றாவது வரியாக இருந்தது. "முதல் வரிலயே குறையைச் சொன்னா யாரு செஞ்சு பாப்பாங்க?" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

2ஜியைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது. 2013-இல் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் டேவிட் மெலிஸ் செய்து, வரைபடங்களோடு வெளியிட்ட கையால் செய்யும் செல்போன்தான் எங்களுக்கு முன்மாதிரி. சுமார் 60 பாகங்கள், லேசரில் வெட்டிய ப்ளைவுட் கூடு, 2ஜி மாட்யூல். பாகங்களைக் கடையில் வாங்கி, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் செய்துவிடலாம். 2ஜி மாட்யூலில் மைக்கையும் ஸ்பீக்கரையும் நேராகவே இணைக்கலாம். மாட்யூலின் உலோகக் கால்கள் ஓரத்தில் வெளியே தெரிவதால் பூதக்கண்ணாடி வைத்துக் கையாலேயே பற்றவைக்கலாம்.

4ஜிக்குப் போனால் கதை வேறு. இசி25 போன்ற 4ஜி மாட்யூலில் குரல் டிஜிட்டலாகத்தான் வெளியே வரும், அதை ஒலியாக மாற்றத் தனியாக ஒரு கோடெக் சிப் வேண்டும். கிரவுண்ட் இணைப்புக்கான உலோகப் பட்டைகள் அடிவயிற்றில் இருக்கும். அயர்ன் முனை அங்கே எட்டாது, ஈயப் பசையைத் தடவ ஸ்டென்சிலும் அதை உருக்க ஹாட் பிளேட்டும் தேவை. அதே இசி25-இலேயே டேட்டா மட்டும் உள்ள ரகமும் உண்டு. பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்க்காமல் வாங்கினால் இன்டர்நெட் வரும், 'ஹலோ' சொல்ல முடியாது. சரியான ரகமே வாங்கினாலும், நெட்வொர்க்குக்கு ஏற்ற வோல்டீ (4ஜி வழியே குரல் அழைப்பு) அமைப்பு மாட்யூலுக்குள் இல்லையென்றால் சிக்னல் காட்டும், அழைப்பு போகாது. ஒரு செமஸ்டரில் மூன்றாம் வருடப் பிள்ளைகள் இதையெல்லாம் முடிக்க மாட்டார்கள்.

ஆனால் நாங்கள் சுலபம் என்று நினைத்த 2ஜியே என்ன பாடு படுத்தியது!

லேபில் எல்லாப் போர்டும் அருமையாகப் பேசின. குழு நண்பர் ஒன்றைத் தன் ஊருக்கு எடுத்துப் போனார். அங்கே டயல் செய்த இரண்டாவது நொடியில் அணைந்து மறுபடி உயிர் பெற்றது. காரணம் எங்கள் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது. லேபின் ஜன்னலில் நின்றால் டவர் தெரியும். டவர் பக்கத்தில் இருந்தால் மாட்யூல் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். தூரமானால் 900 மெகாஹெர்ட்ஸில் முழு 2 வாட்டுக்கு ஏறும். அப்போது 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 577 மைக்ரோசெகண்ட் நேரத்துக்கு, 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய பேட்டரி வயர், கனெக்டர், பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட், செல்லின் உள்தடை எல்லாம் கூட்டினால் கால் ஓம் வந்துவிடுகிறது. 2 ஆம்பியரில் அது அரை வோல்ட். 3.8 வோல்ட் பேட்டரி 3.3-க்கு இறங்கும். சிம்800 கேட்பது குறைந்தது 3.4.

மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துத் தரும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் தீர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம். கணக்குப் போட்டால் தெரியும்: 1000 மைக்ரோஃபாரட் தனியாகத் தாங்கினால்கூட அந்த 577 மைக்ரோசெகண்டில் 1.15 வோல்ட் இறங்கிவிடும். வயரைத் தடிமனாக்கி நீளத்தைக் குறைப்பதுதான் மருந்து. 100 மைக்ரோஃபாரட் டான்டலம் கெப்பாசிட்டரும் சின்ன செராமிக் கெப்பாசிட்டர்களும் மாட்யூலின் காலை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் அவை துணைக்குத்தான்.

இதை லேபிலேயே பிடித்திருக்கலாம். ஆன்டெனா வழியில் சிக்னலைப் பலவீனமாக்கும் 30 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றைச் செருகினால் (2 வாட் தாங்குவதாகப் பார்த்து) போன் தன்னைக் கிராமத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது நிற்கும்படி வைத்தால் பள்ளம் பள்ளமாகத் தெரியும். இரண்டு கருவிகளும் அலமாரியில் இருந்தன. எங்களைப் போன்ற கல்லூரிகள் இப்படிப்பட்ட வேலைக்குத் தரக்கூடியதே இந்தக் கருவிகள்தான். ஊர்க்காரர் ஒருவர் இவற்றைக் காசு கொடுத்து வாங்க மாட்டார். இருந்தும் கோளாறைக் கண்டுபிடித்தது ஊர்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மாணவர்கள் போர்டில் வரைந்த, ஆன்டெனாவுக்குப் போகும் செம்புத் தடம் கால் மில்லிமீட்டர் அகலம். 1.6 மில்லிமீட்டர் இரண்டடுக்கு போர்டில் ஆன்டெனாவுக்குப் பொருந்தும் 50 ஓம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேண்டும். அதைப் பார்த்துச் சொன்னதும் அதே நண்பர்தான்.

2008-இல் வந்த ஓபன்மோக்கோ ஃப்ரீரன்னர் என்ற கட்டற்ற போனிலும் இப்படித்தான். தூக்கத்துக்குப் போன மோடம் நெட்வொர்க்கை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பச் சேர்ந்துகொண்டிருந்தது. 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை 22 ஆக மாற்றியதும் சரியானது. மெமரி கார்டின் இரைச்சலில் ஜிபிஎஸ் திணறியபோது 10 பிக்கோஃபாரட் ஒன்றைப் பற்றவைத்தார்கள். வரைபடம் கையில் இருந்ததால் வாங்கியவர்களே அயர்னை எடுத்தார்கள். கட்டற்ற வன்பொருளின் அழகு இதுதான் என்று வகுப்பில் சொல்வேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் தலைமுறை தவறிய நெட்வொர்க்கை எந்தக் கெப்பாசிட்டரும் சரிசெய்யாது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கம்பெனி 2016 முடிவோடு 2ஜியை நிறுத்தியது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் அது மூடப்பட்டது. கையேடு எழுதும்போது இரண்டும் எனக்குத் தெரியும்.

இங்கே மற்ற கம்பெனிகளிடம் 2ஜி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். விற்கப்போவதில்லையே என்றும் சொல்லலாம். விற்பதென்றால் அது வேறு தலைவலி: வயர்லெஸ் அனுமதி வேண்டும், 2017 முதல் விற்கும் சாதாரண போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். எங்கள் ஃபர்ம்வேரில் (போனை இயக்கும் நிரலில்) 9-ஐ அழுத்திப் பிடித்தால் வால்யூம் ஏறியது.

காரணங்களை ஒருநாள் தாளில் எழுதிப் பார்த்தேன். கையால் பற்றவைக்கலாம். செமஸ்டருக்குள் முடியும். மாட்யூல் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். மைக் நேராக இணையும். ஒன்றுகூடப் போனைக் கையில் வைத்துப் பேசப்போகிறவரின் காரணம் இல்லை. எல்லாம் லேபின் காரணங்கள். 4ஜியில் தொடங்கியிருந்தால் ஒரு போர்டும் பேசியிருக்காது என்பதும் உண்மை. பேசாத போனை வைத்துக்கொண்டு அக்காவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

கையேட்டின் புதிய பதிப்பில் அந்த வரி இரண்டாம் பக்கத்துக்கு வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் போர்டின் படம். படத்துக்கு இடம் வேண்டியிருந்தது.