தானா ஓட்டிக்கும்னு சொல்லி குடுத்த கார்ல ஒரு நெடும்பயணம்

பெட்டிய கூட இன்னும் பிரிக்கல, ஆனா சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். பாத்த மலை, ஏரி, அருவி எல்லாம் போட்டோவா தனியா போடுறேன். இந்த தடவ ஊர விட கார பத்தி தான் சொல்ல நிறைய இருக்கு. வாடகை, பாதை, எங்க நிறுத்தலாம்னு வரிசையா எழுதுறேன்னு குடும்ப குரூப்ல வாக்கு குடுத்திருக்கேன், முடிஞ்ச வரைக்கும் பாக்குறேன்.

வாடகை கவுன்டர். நாங்க புக் பண்ணது சாதாரண வண்டி. அங்க இருந்த பையன், "சார், கொஞ்சம் கூட போட்டீங்கன்னா டிரைவர் அசிஸ்ட் இருக்குற வண்டி தரேன், ஹைவேல அதுவே ஓட்டிக்கும், நீங்க சும்மா உக்காந்தா போதும்"னான். அவன் சொன்ன 'கொஞ்சம்' ஒரு நாளைக்கு. மொத்தமா பெருக்கி பாத்தா ஒரு ராத்திரி ரூம் காசு வருது. ஆனா மச்சானும் நானும் மாத்தி மாத்தி நாள் பூரா ஓட்டணும், பின்னாடி அத்தைக்கு வேற முதுகு வலி, பிரேக் அடிச்சு அடிச்சு ஓட்டுனா அவங்களுக்கு தாங்காது. சரின்னு எடுத்தோம். காசு போனது கூட பரவால்ல, அந்த 'சும்மா உக்காந்தா போதும்' இருக்கே, அது தான் எனக்கு பத்திக்கிட்டு வருது.

ஏன்னா கதை இது தான். எஸ்ஏஇன்னு வாகன இன்ஜினியர்கள் அமைப்பு ஒண்ணு வண்டி எவ்ளோ தூரம் தானா ஓட்டிக்கும்ங்குறதுக்கு 0ல இருந்து 5 வரைக்கும் லெவல் வகுத்து வச்சிருக்கு. நம்ம கைக்கு வர்ற இந்த மாதிரி கார் கிட்டத்தட்ட எல்லாமே லெவல் 2. ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் மூணையும் வண்டி பாத்துக்கிட்டாலும் டிரைவர் நீங்க தான், நொடிக்கு நொடி கண்காணிக்க வேண்டியது நீங்க தான். கண்ண ரோட்ல இருந்து எடுத்துக்கலாம்னு சொல்ற லெவல் 3, 2021ல ஜப்பான்ல ஹோண்டா லெஜண்ட்ல வந்துச்சு, அதுவும் ஹைவே நெரிசல்ல மட்டும், மொத்தமே 100 வண்டி, லீசுக்கு மட்டும். அதுக்கப்புறம் மெர்சிடிஸ் ஜெர்மனில அனுமதி வாங்குனதும் முதல்ல மணிக்கு 60 கிலோமீட்டர் வரைக்கும் தான். நெலமை இப்படி இருக்க, வாடகை கார குடுத்துட்டு சும்மா உக்காருன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும்.

சரி, நல்லத முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா பாவம். ஊர விட்டு வெளிய வர்ற எடத்துல செம நெரிசல், கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் செவப்பு லைட்டு. அங்க அடாப்டிவ் குரூஸ போட்டு விட்டேன் பாருங்க, அடடா! முன்னாடி வண்டி நகந்தா நகருது, நின்னா நிக்குது, இடைவெளிய ஒரே அளவுல வச்சுக்குது. கொஞ்ச நேரம் கூடுதலா நின்னுட்டா மட்டும் ஒரு பட்டன அமுக்கணும், இல்லன்னா ஆக்சிலரேட்டர லேசா தொடணும், அவ்ளோ தான். கால் வலி கெடையாது, எரிச்சல் கெடையாது, அத்தை பின்னாடி நல்லா தூங்கிட்டாங்க. இடைவெளி விட்டு போற இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்னா நான் காசு குடுப்பேன், அடுத்த தடவையும் குடுப்பேன், பட்ஜெட்ல வேற எதையாவது வெட்டிக்கலாம்.

நெரிசல் முடிஞ்சு ரோடு காலியாச்சு, 100ல போய்ட்டு இருக்கோம், முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல, ஒரு பாலத்துக்கு கீழ நுழையுறோம், படார்னு பிரேக்! நான் ஒண்ணும் செய்யல, கால் கீழ தான் இருக்கு, வண்டியே அடிச்சுது. தண்ணி பாட்டில் பறந்து முன்னாடி வந்து விழுது, என் வீட்டுக்காரி "ஏங்க!"ன்னு கத்துறா, அத்தை முழிச்சு "என்னாச்சு மாப்ள, எதையாவது இடிச்சிட்டோமா?"ங்குறாங்க, பின்னாடி வந்த லாரிக்காரர் அடிச்ச ஹார்ன் இன்னும் காதுல இருக்கு. நான் ஆக்சிலரேட்டர மிதிச்சதும் பிரேக்க விட்டுடுச்சு. திரையில எதுவுமே வரல, ஏன் அடிச்சேன்னு ஒரு வார்த்தை இல்ல.

இதுக்கு பேரு பேய் பிரேக். எங்க வண்டிக்கு மட்டும் புடிச்ச பேய் இல்ல. 2022 பிப்ரவரில அமெரிக்க சாலை பாதுகாப்பு அமைப்பு டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் சுமார் 4,16,000 வண்டி மேல இதுக்காகவே விசாரணை ஆரம்பிச்சுது, 354 புகார் வந்திருந்துச்சு. அதே மாசம் ஹோண்டா அக்கார்டு, சிஆர்-வி மேலயும் இதே மாதிரி ஒரு விசாரணை. ரேடார் வச்ச வண்டில சிக்கல் என்னன்னா, அதுக்கு தூரமும் வேகமும் நல்லா தெரியும், உயரம் சரியா தெரியாது. பாலத்தோட இரும்பு, மேல தொங்குற போர்டு எல்லாம் ரோட்ல நிக்கிற பொருள் மாதிரியே திருப்பி காட்டும். கேமராவுக்கோ பாலத்து நெழலு, கானல் நீர் எல்லாம் கொழப்பம். எங்க வண்டில அடிச்சது எதுன்னு அந்த பையன்ட்ட கேட்டா அவனுக்கு தெரியவா போகுது.

இதோட மறுபக்கம் தான் நெஜமான பயம். எதுக்கெடுத்தாலும் பிரேக் அடிச்சிட்டே இருந்தா எவனும் அந்த வண்டிய ஓட்ட முடியாதுன்னு, அசையாம நிக்கிற பொருள்ல பலத ரேடார் கண்டுக்காத மாதிரி வடிகட்டிடுவாங்க. அதனால தான் பல கார் மேனுவல்ல 'நிற்கும் வாகனங்களை இது கண்டறியாமல் போகலாம்'னு எழுதியிருக்கும். இத யாரு படிக்கிறா? நான் படிச்சேன், முதல் நாள் ராத்திரி ரூம்ல, வேற வேலை இல்லாம. அது ரெண்டாம் நாளே உதவுச்சு. ஒரு பெரிய லாரி பின்னாடி போய்ட்டு இருக்கோம், வண்டி லாரிய புடிச்சிட்டு சமத்தா வருது, திடீர்னு லாரி பக்கத்து லேனுக்கு தாவுது, அதுக்கு முன்னாடி பார்க்கிங் லைட்ட போட்டுட்டு ஒரு கார் நின்னுட்டு இருக்கு. நம்ம வண்டி என்ன பண்ணுச்சு தெரியுமா, முன்னாடி இருந்த லாரி போயிடுச்சு, ரோடு காலின்னு நெனச்சு வேகத்த ஏத்த ஆரம்பிச்சுது! கால் பிரேக் மேலயே இருந்ததால தப்பிச்சோம். ஒதுங்கி நிறுத்திட்டு கொஞ்ச நேரம் யாரும் பேசல. அங்க இருந்து ஸ்டியரிங் மச்சான் கைக்கு போச்சு.

மச்சான் வேற ரகம். "மாமா, லேன் சென்டரிங்க ஆன் பண்ணுங்க, கைய விட்டுட்டு ஓட்டலாம்"னு கெளம்புனதுல இருந்து அரிச்சிட்டே இருந்தான். ரோட்டு கோட்ட பாத்து வண்டிய லேன் நடுவுலயே வச்சுக்கிற ஏற்பாடு அது. கைய எடுத்தா கொஞ்ச நேரத்துல டிங்னு ஒரு சத்தம், அப்புறம் டிங் டிங், அப்புறம் செவப்புல மிரட்டல். ஸ்டியரிங்ல பாட்டில கட்டி தொங்க விட்டா சத்தம் வராதுன்னு எங்கயோ பாத்திருக்கான். "டேய் மச்சான், பின்னாடி இருக்குறது உங்க அம்மாடா"ன்னேன், அடங்கிட்டான். ஆனா அவன சொல்லி என்ன, வண்டி செய்றவங்களே இந்த எடத்துல தான் கோட்ட விட்டிருக்காங்க. 2024 மார்ச்ல ஐஐஹெச்எஸ்னு அமெரிக்க காப்பீட்டு கம்பெனிகளோட சோதனை அமைப்பு, டிரைவர் கவனமா இருக்காரான்னு பாக்குற ஏற்பாடு எப்படின்னு 14 சிஸ்டத்த சோதிச்சுது. 11 மோசம்னு வாங்குச்சு. 'ஏத்துக்கலாம்'னு வாங்குனது லெக்சஸ்ல ஒண்ணே ஒண்ணு. 'நல்லது' ஒருத்தருக்கும் கெடைக்கல.

லேன் பத்தி பேசுனா எனக்கு பொலம்பல் நிக்காது. கோடு பளிச்சுன்னு இருந்தா ரயில் தண்டவாளம் தோத்துச்சு, அவ்ளோ நேரா போகும். ரோடு வேலை நடக்குற எடத்துல பழைய கோட்ட சொரண்டி எடுத்துட்டு பக்கத்துல புதுசா போட்டிருந்தாங்க, மழை பேஞ்சு நின்னு வெயில் அடிச்சதும் சொரண்டுன தடம் தான் பளபளன்னு மின்னுது, வண்டி அத நம்பி தடுப்பு பக்கம் இழுக்குது, மச்சான் இந்த பக்கம் இழுக்குறான், ஸ்டியரிங்ல ஒரு மல்யுத்தமே நடந்துச்சு. டோல்கேட் வந்தா கோடே கெடையாது, அங்க சத்தம் கூட போடாம நைசா கழண்டுக்கும், திரையில பச்சையா இருந்த குட்டி ஸ்டியரிங் படம் சாம்பலாகிடும், அவ்ளோ தான் அறிவிப்பு. எனக்கு தப்பு பண்றத விட இந்த சத்தமில்லாத கழட்டி விடுதல் தான் கடுப்பு. அமெரிக்காவுல ஏஏஏன்னு ஒரு வாகன ஓட்டிகள் சங்கம் 2020ல இந்த மாதிரி வண்டிகள 4,000 மைல் ஓட்டி பாத்து, சராசரியா 8 மைலுக்கு ஒரு தடவ ஏதாவது ஒரு கோளாறுன்னு சொன்னாங்க, அதுல முக்காவாசி லேன் சம்பந்தப்பட்டது தான். எங்க பயணத்துக்கு அப்புறம் அந்த கணக்குல எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்ல.

மழை வலுத்ததும் 'முன்பக்க சென்சார் மறைக்கப்பட்டுள்ளது'ன்னு ஒரு வரிய போட்டுட்டு மொத்தமா லீவு எடுத்துக்கிச்சு. அதாவது கண்ணு தெரியாம நமக்கு ஒத்தாசை வேணும்னு நெனைக்கிற நேரம் பாத்து. இதுக்கும் சேத்து தான் நாள் வாடகை.

மலைப்பாதைல நான் எல்லாத்தையும் அணைச்சிட்டேன், வளைவுல இத நம்ப எனக்கு மனசு இல்ல. எறங்கி வந்து ஹைவேல இருந்து பிரியுற எடத்துல இன்னொரு கூத்து: முன்னாடி போன வண்டி நேரா போயிடுச்சு, நாங்க கெளை ரோட்ல திரும்புறோம், காலி ரோட்ட பாத்ததும் செட் பண்ணி வச்ச 100க்கு பாய பாக்குது, எதிர்ல வளைவு! பிரியுறதுக்கு முன்னாடியே குரூஸ அணைக்கிறது இப்ப எனக்கு பழக்கமாயிடுச்சு. வேக பலகைய படிக்கிற கேமரா சர்வீஸ் ரோட்டு பலகைய படிச்சிட்டு ஹைவேல 40, 40ன்னு கத்துறது தனி. லாரி முதுகுல ஒட்டியிருந்த 60 ஸ்டிக்கர கூட ஒரு தடவ படிச்சுது. ஐரோப்பாவுல 2024 ஜூலைல இருந்து புது கார் எல்லாத்துலயும் இந்த வேக எச்சரிக்கை கட்டாயம், அணைச்சாலும் அடுத்த தடவ ஸ்டார்ட் பண்ணா திரும்ப வந்துடும். அங்க இருக்குறவங்க காது என்ன பாடு படுதோ.

அலுப்பு குறைஞ்சுதான்னு கேக்குறாங்க. கால் அலுப்பு குறைஞ்சுது, மண்டை அலுப்பு கூடுச்சு. அடுப்புல பால வச்சுட்டு பொங்குதா பொங்குதான்னு பாத்துட்டே நிக்கிற வேலை இது. மேக்வொர்த்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1948லயே எழுதிட்டார், போர் காலத்து ரேடார் திரைய பாக்குறவங்கள மனசுல வச்சு செஞ்ச சோதனை, கடிகாரம் மாதிரி சுத்துற ஒரு முள்ளு எப்பவாவது எகிறி குதிக்கிறத கவனிக்கணும், அவ்ளோ தான் வேலை. முதல் அரை மணி நேரத்துலயே கவனம் எறங்கிடுச்சு. நம்ம கிட்ட நாள் பூரா பாருன்னு குடுக்குறாங்க. ஓட்டுறவன் ஓட்டிட்டே இருந்தா தான் முழிச்சிருப்பான். அதனால கடைசி நாள்ல லேன் சென்டரிங்க மூடிட்டு குரூஸ மட்டும் வச்சு ஓட்டுனோம், அந்த நாள் தான் நிம்மதி.

வண்டிய திருப்பி குடுக்குறப்ப வந்துச்சு பாருங்க உச்சம். முன்பக்க கண்ணாடில சின்னதா ஒரு கல்லு பட்ட தழும்பு. எங்க பட்டுச்சுன்னே தெரியல. கண்ணாடி மாத்தணும், சரி. "சார், கண்ணாடிக்கு பின்னாடி கேமரா இருக்கு, மாத்துனா அத திரும்ப கேலிபரேட் பண்ணணும், அதாவது கோணத்த சரி பண்ணி வைக்கணும், அதுக்கு தனி"ங்குறான் அதே பையன். இது உண்மை தான், அந்த கேமரா கொஞ்சம் கோணினாலும் லேன் கணக்கு மாறிடும், எங்கயும் அப்படி தான் செய்வாங்க. ஆனா எடுக்குறப்ப இத சொன்னானா? அதுவே ஓட்டிக்கும்னு சொல்ல வாய் இருந்துச்சுல்ல? அரை மணி நேரம் மல்லுக்கட்டுனோம், முதல் நாள் என் வீட்டுக்காரி சும்மா எடுத்த ஒரு செல்ஃபில அந்த தழும்பு கண்ணாடி ஓரத்துல தெளிவா இருந்துச்சு, அத காட்டுனதும் பேச்சு மேனேஜர் கைக்கு போயி பில்லுல இருந்து எடுத்தாங்க. டெபாசிட் இன்னும் வரல. நீங்க எடுக்கறதா இருந்தா கண்ணாடிய உள்ள வெளிய ரெண்டு பக்கமும், அந்த கேமரா டப்பாவ சுத்தியும் வெளிச்சத்துல போட்டோ எடுத்துட்டு தான் சாவிய வாங்கணும், கண்ணாடியும் கேலிபரேஷனும் அவங்க இன்சூரன்ஸ்ல அடங்குமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பாதை, ரூம் விவரமெல்லாம் அடுத்த பதிவுல, டெபாசிட் வந்த மூடுல எழுதுறேன்.