கதைச்சுருக்கம் எழுதாமல் ஒரு நாவலைப் பற்றிப் பேசுவது

எங்கள் வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: கதைச்சுருக்கம் எழுதக் கூடாது. எல்லோரும் படித்து முடித்த நாவல், கதையைத் திருப்பிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "உங்களுக்கு என்ன தோணுச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்பார் குழுவை நடத்தும் அக்கா. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையை எடுத்துவிட்டால் "அருமையான நடை", "மனதை என்னவோ செய்தது" என்பதற்கு மேல் கை ஓடாது.

நான் பிடித்துக்கொண்ட வழி பென்சில். படிக்கும்போது எங்கே நின்றேனோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு, காரணம் எழுதுவதில்லை. முடித்தபின் கோடுகளை மட்டும் புரட்டிப் பார்ப்பேன். ஏன் போட்டேன் என்று மறந்துபோனவற்றை விட்டுவிட்டு, மிச்சத்தில் ஒன்றைப் பற்றி எழுதுவேன்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' முடித்துப் புரட்டியபோது எனக்கே ஆச்சரியம். நாயகன் பாபு மோகம் கொள்ளும் யமுனாவைப் பற்றி எழுதுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். கோடுகளோ தங்கம்மாளைச் சுற்றியே கிடந்தன. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண், பாபுவோடு ஏற்பட்ட உறவுக்குப் பின் உயிரை விடுகிறவள். பாபு தன் குற்ற உணர்ச்சியில் உழல நாவலில் எவ்வளவு இடம்! உயிரை விட்டவளுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. "எனக்கு பாபு மேல் கோபம்" என்று ஆரம்பித்து எழுதிப் போட்டேன். மதுரைக்காரர் ஒருவர் உடனே வந்தார்: "சின்னப் பையன் சார் அவன், என்ன செய்வான்?" ராத்திரி வெகுநேரம் வரை ஓய்ந்தபாடில்லை. இதற்கிடையில் வயலின் கற்கும் ஒரு தம்பி, பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவின் தம்புரா சுருதியைத் தவிர எதுவும் தன் காதில் விழவில்லை என்று எழுதியிருந்தான். அன்றைக்கு வந்ததில் அதுதான் ஆகச் சிறந்தது என்பேன்.

அசோகமித்திரனிடம் இந்தப் பென்சில் வேலை எடுபடவில்லை. 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) செகந்திராபாத்தில் நடக்கிறது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலம். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருகிறது. நாயகன் சந்திரசேகரனுக்கோ கிரிக்கெட், கல்லூரி, வீட்டு வேலை. எழுதுபவர் குரலை உயர்த்துவதே இல்லை, எங்கே கோடு போடுவது? பாதியில் குறிப்பேட்டில் "ஊரே பற்றி எரியப்போகிறது, இவனுக்கு பந்தும் மட்டையும்தானா?" என்று கிறுக்கி வைத்தேன். கடைசிக் காட்சி வந்தது. படிக்காதவர்களுக்காக அதை இங்கே சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றேன். அத்தனை பக்கம் சாதாரணப் பையனாகவே அவனை நம்மோடு நடக்கவிட்டதால்தான் அந்த இடம் அப்படித் தாக்குகிறது.

பாதியில் எழுதிய சலிப்பையும் முடித்தபின் எழுதியதையும் திருத்தாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அனுப்பினேன். குழுவில் அதுவரை வாயே திறக்காத இருவர் தங்களுக்கும் நடுவில் அலுத்தது என்று எழுதினார்கள். ஒருவர் கடைசி வரை அலுப்புத்தான் என்றார். எங்கெங்கே என்று பக்க எண்ணும் கொடுத்தார். பாராட்டு மழையைவிட எனக்கு இது பிடித்திருந்தது. இப்போது எந்த நாவலானாலும் நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று எழுதுகிறேன். நடுவில் எழுதுவதை உடனே அனுப்புவதில்லை. பிறர் சொல்வதைக் கேட்டு என் ரசனை சாய்ந்துவிடுகிறது.

அடுத்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ஜப்பான் படை இந்தோனேசியாவின் மேடான் நகருக்குள் நுழையும் தொடக்கத்திலேயே கோடுகள் நெருங்கிவிட்டன. மலாய்ச் சொற்கள் வரும் இடங்களில் தடுக்குகிறது. நின்று அர்த்தம் தேடாமல் ஓட்டத்தோடு போகிறேன். பினாங்குப் பகுதி வந்ததும் முதல் குறிப்பை எழுத வேண்டும். இந்தத் தடவை எழுதாமல் குரல் பதிவாக அனுப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் கேட்க மாட்டேன் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார்.