காட்டுப்பாதை திறக்கும் நாட்களில்

இலங்கையின் தென்கிழக்கிலுள்ள குமண தேசியப் பூங்காவின் உகந்தை நுழைவாயிலில் நான் கடமையாற்றிய காலத்தில், ஆண்டின் பெரும்பகுதியும் எங்கள் வேலை மனிதரைக் காட்டுக்குள் கால் வைக்க விடாமல் பார்ப்பதுதான். பூங்காவுக்குள் வருகின்றவர் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. வேட்டைக்காரர் விலங்குகளுக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கையும் சுருக்குக் கம்பியையும் தேடி நாங்கள் மட்டுமே நடப்போம். ஆனால் கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிப் பாதயாத்திரைக்காகக் காட்டுப்பாதை திறக்கப்படும் இரண்டு வாரமளவில், அதே வாயிலால் ஆயிரக்கணக்கான அடியார்கள் அரோகரா சொல்லிக்கொண்டு, பலர் வெறுங்காலுடன், உள்ளே போவார்கள். நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று எங்கள் காவலில் நடக்கும்.

போரினால் 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக் கிடந்தது. அதற்கு முன்னர் நடந்து பழகிய முதியவர்கள், தண்ணீர் கிடைக்கும் இடங்களை எங்கள் வரைபடத்தைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். நாங்கள் குமண என்பது அவர்களுக்கு இன்னும் கூமுனைதான்.

யாத்திரைக் காலத்தில் எல்லோரும் யானையைப் பற்றியே கேட்பார்கள். என் பயமெல்லாம் கரடியைப் பற்றியது. பாலைப்பழம் பழுப்பதும் யாத்திரை வருவதும் ஒரே பருவம். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், மோப்பம் மட்டுமே கூர்மை; பழத்தில் லயித்திருக்கும்போது ஆள் அருகில் வந்த பிறகே திடுக்கிடும், திடுக்கிட்டால் ஓடாமல் பாயவும் கூடும். ஒரு நாள் காலையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அம்மம்மா ஒருவர் பாலை மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருக்க, மேலே கிளை அசைந்தது. உரத்துக் கூப்பிடப் பயந்து, மெல்லக் கிட்டப் போய், “சாமி, மேலே கரடி நிற்குது, சத்தம் போடாமல் என்னோட பின்னுக்கு வாங்க” என்றேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “பழம் எனக்கும் அதுக்கும் காணும் மகன்” என்று சேலைத்தலைப்பில் இன்னும் இரண்டு பழங்களை முடிந்த பின்னரே அசைந்தார். அன்று முழுவதும் என் கை நடுங்கியது.

கடைசிக் கூட்டம் கும்புக்கன் ஆற்றைக் கடந்து யால தேசியப் பூங்காவின் எல்லைக்குள் போன பின்னர் குப்பை பொறுக்கத் தொடங்குவோம். சோற்று மணமும் உப்பும் ஒட்டிய பொலித்தீன் பைகளை மானும் யானையும் தின்றுவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. பக்தி உள்ளவர்களே இப்படி வீசிவிட்டுப் போவது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

பாதை மூடிய மறுநாள் பொத்துவிலில் இருந்து ஒருவர் தனியாக நடந்து வந்து சேர்ந்தார். அனுமதிக்க முடியாது என்றேன். அவர் வாதாடவில்லை, வாயிலின் முன்னே கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, அது அணையும்வரை நின்று, காய்ந்த சருகுக்கு நெருப்புப் பிடிக்காதபடி மண் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பினார்.